புள்ளிவிவரப் படங்களின் வரலாறு – 6: வட்டமா, பட்டையா?

1786-இல் லண்டனில் வெளியான ‘வணிக, அரசியல் அட்லஸ்’ என்னும் நூலில் 44 படங்கள் இருந்தன. அவற்றுள் 43 படங்கள் காலத்தோடு ஓடும் கோட்டுப் படங்கள். பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு நாட்டோடு இங்கிலாந்து நடத்திய வணிகத்தின் ஏற்றுமதியும் இறக்குமதியும் இரண்டு கோடுகளாக ஏறி இறங்கின. ஆண்டுகள் இடமிருந்து வலமாகச் செல்ல, இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட வெளி வணிகம் யாருக்குச் சாதகமாக இருந்தது என்பதைக் காட்டியது. எஞ்சிய ஒரே ஒரு படம் மட்டும் வேறு வகை. அதில் கோடு இல்லை, காலம் இல்லை. 17 நாடுகளின் பெயர்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு கிடைப் பட்டைகள் நீண்டிருந்தன. இன்று பள்ளிப் பாடநூல்களில் முதலில் கற்பிக்கப்படும் பட்டை விளக்கப்படம் இப்படித்தான் நூலுக்குள் வந்தது.

அதை வரைந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர். 1759-இல் பிறந்தவர், சிறுவனாக இருக்கும்போதே தந்தையை இழந்தவர். கணித அறிஞராகப் பின்னாளில் புகழ்பெற்ற அண்ணன் ஜான் பிளேஃபேர்தான் அவருக்கு ஆசிரியர். நாள்தோறும் வெப்பமானியைப் பார்த்து அளவைக் குறித்துவைக்கும் பழக்கத்தைத் தம்பிக்கு ஏற்படுத்தியவரும் அவரே. பிறகு பர்மிங்காமில் ஜேம்ஸ் வாட்டின் நிறுவனத்தில் பிளேஃபேர் வரைவாளராகவும் உதவியாளராகவும் வேலை பார்த்தார். வெப்பமானியின் தினசரிக் குறிப்பு, இயந்திர வரைபடத்தின் அளவுகோல் ஆகிய இரண்டிலும் தேர்ந்த கைக்கு, எண் என்றால் காலத்தோடு நகரும் ஒன்று என்ற எண்ணம் இயல்பாகவே வந்திருக்கும்.

ஸ்காட்லாந்தின் வணிகத்துக்கு வந்தபோது அந்த எண்ணம் தடைப்பட்டது. 1780 கிறிஸ்துமஸ் முதல் 1781 கிறிஸ்துமஸ் வரையிலான ஓராண்டுக் கணக்கு மட்டுமே அவர் கையில் இருந்தது. ஓராண்டை வைத்துக் கோடு வரைய முடியாது. ஆகவே நாடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஏற்றுமதிக்குக் கரும்பட்டையும் இறக்குமதிக்கு வரியிட்ட பட்டையும் வரைந்தார். மேலிருந்து கீழாக ஓடும் கட்டக்கோடுகளின் இடைவெளி ஒவ்வொன்றும் 10,000 பவுண்டு. அடிவரிசையில் அயர்லாந்து. இந்தப் படத்தைப் பற்றி பிளேஃபேருக்கு நிறைவு இல்லை. காலம் என்ற கூறு இதில் இல்லாததால் மற்றப் படங்களைவிட இதன் பயன் குறைவு என்றே அவர் கருதினார்.

அவர் செய்யாமல் விட்ட ஒன்றும் கவனிக்கத் தக்கது. 17 நாடுகளின் மதிப்புகளைப் புள்ளிகளாக வைத்து அவற்றைக் கோட்டால் இணைத்திருக்கலாம். இன்று பல அறிக்கைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். 1780-க்கும் 1781-க்கும் இடையே உண்மையாகவே காலம் ஓடுகிறது. அந்த இடைவெளியில் கோடு போகலாம். ரஷ்யாவுக்கும் அயர்லாந்துக்கும் இடையே அளக்கத் தக்கது எதுவும் இல்லை. பிளேஃபேரின் இந்த முடிவு எவ்வளவு சரி என்பதற்குச் சோதனைச் சான்று கிடைக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1999-இல் உளவியலாளர்கள் ஜெஃப் சாக்ஸும் பார்பரா ட்வெர்ஸ்கியும் ஒரே தரவைச் சிலருக்குப் பட்டையாகவும் சிலருக்குக் கோடாகவும் காட்டி, கண்டதைச் சொல்லச் சொன்னார்கள். பட்டையைப் பார்த்தவர்கள் ‘இது அதைவிட அதிகம்’ என்று ஒப்பிட்டார்கள். கோட்டைப் பார்த்தவர்கள் ‘ஏறுகிறது, இறங்குகிறது’ என்றார்கள். ஆண், பெண் இருவரின் சராசரி உயரத்தைக் கோட்டால் இணைத்துக் காட்டியபோது, ஆண்தன்மை கூடக்கூட உயரம் கூடுகிறது என்ற பொருள்பட எழுதியவர்களும் இருந்தார்கள். படத்தின் வடிவம் எண்ணை மட்டும் தாங்கி வருவதில்லை, அந்த எண்ணைப் பற்றிய ஒரு கூற்றையும் சேர்த்தே சொல்கிறது என்பதை இந்தச் சோதனை தெளிவாக்கியது.

பட்டை வந்து 15 ஆண்டுகளுக்குப் பின், அதே பிளேஃபேரின் கையிலிருந்து வட்டம் வந்தது. 1801-இல் அவர் வெளியிட்ட ‘புள்ளிவிவரச் சுருக்கம்’ என்ற சிறு நூல் ஐரோப்பிய நாடுகளின் பரப்பு, மக்கள்தொகை, வருவாய் ஆகியவற்றை ஒரே தாளில் காட்ட முயன்றது. ஒவ்வொரு நாடும் ஒரு வட்டம். வட்டத்தின் பரப்பு நாட்டின் நிலப்பரப்பு. துருக்கியப் பேரரசு ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்னும் மூன்று கண்டங்களில் பரவிக் கிடந்தது. அதை மூன்று வட்டங்களாக வரைந்தால் பேரரசு ஒன்று என்ற உண்மை போய்விடும். ஒரே வட்டமாக விட்டால் மூன்று கண்டங்கள் மறைந்துவிடும். பிளேஃபேர் வட்டத்தை மையத்திலிருந்து மூன்று துண்டுகளாகப் பிரித்து மூன்று வண்ணங்கள் பூசினார். முழுமையும் பகுதியும் ஒரே பார்வையில் தெரிந்தன. இன்று எங்கும் பழக்கமான வட்ட விளக்கப்படம், பேச்சுவழக்கில் பை சார்ட், இதுதான். அது பிறந்ததற்குக் காரணமான கேள்வி ‘ஒரு முழுமை எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது’ என்பது. ‘எது எதைவிடப் பெரிது’ என்ற கேள்வி அதற்கு இரண்டாம்பட்சம்.

அதே தாளில் பிளேஃபேர் ஒரு தவறும் செய்தார். ஒவ்வொரு வட்டத்தின் இடப்புறமும் மக்கள்தொகைக்கு ஒரு செங்குத்துக் கோடு, வலப்புறம் அரசு வருவாய்க்கு ஒரு செங்குத்துக் கோடு. இரண்டின் உச்சிகளையும் இணைக்கப் புள்ளிக்கோடு. இணைப்புக் கோடு வலப்பக்கம் ஏறினால் மக்கள்தொகையோடு பார்க்கும்போது வரிச்சுமை அதிகம், இறங்கினால் குறைவு என்று படிக்க வேண்டும். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில் பொருள் உண்டு. எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதில் பொருள் இல்லை. ஏனெனில் இரண்டு செங்கோடுகளுக்கும் இடையிலுள்ள தூரம் வட்டத்தின் விட்டம். பெரிய நாட்டில் கோடு படுத்துவிடும், சிறிய நாட்டில் நிமிர்ந்துவிடும். பார்ப்பவர் கண் சாய்வைத்தான் முதலில் பிடிக்கும். நிலப்பரப்புக்கும் வரிச்சுமைக்கும் தொடர்பே இல்லாதபோது, படம் அந்தத் தொடர்பை உண்டாக்கிவிட்டது.

பிரான்சின் பாலங்கள், சாலைகள் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஷார்ல் ஜோசஃப் மினார், 1858-இல் வட்டத்தை நிலப்படத்தின்மேல் வைத்தார். பாரிஸ் நகருக்கு எந்த மாவட்டத்திலிருந்து எவ்வளவு இறைச்சிக் கால்நடை வருகிறது என்பது செய்தி. ஒவ்வொரு மாவட்டத்தின்மேலும் ஒரு வட்டம். மொத்த அளவுக்கு ஏற்ப வட்டத்தின் பரப்பு. உள்ளே மாடு, கன்று, ஆடு என மூன்று துண்டுகள். நிலப்படத்தில் பட்டைகளை நட்டிருந்தால் அவை பக்கத்து மாவட்டத்தை மறைத்திருக்கும். வட்டம் தன் இடத்தில் அடங்கி நிற்கும். நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பைச் சித்திரித்த 1869-ஆம் ஆண்டுப் படத்தில் இதே மினார் வட்டத்தைத் தொடவில்லை. 4,22,000 பேராகப் புறப்பட்டு 10,000 பேராகத் திரும்பிய படையை, அகலம் குறைந்துகொண்டே வரும் ஓடையாக வரைந்தார். அங்கே காட்ட வேண்டியது பங்கு அல்ல; வழியெல்லாம் நேர்ந்த இழப்பு.

வட்டத்தின் வலிமையும் பலவீனமும் ஒருசேர வெளிப்பட்டது ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் கையில். கிரிமியப் போரின்போது 1854 நவம்பரில் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனைக்குச் செவிலியர் குழுவோடு போய்ச் சேர்ந்த அவர், போர் முடிந்து இங்கிலாந்து திரும்பியதும் இறப்புக் கணக்குகளைக் கையில் எடுத்தார். பதிவாளர் தலைமை அலுவலகத்தின் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் அவருக்குத் துணை நின்றார். படைவீரர்கள் எதிரியின் குண்டால் செத்ததைவிடச் சாக்கடையாலும் நெரிசலாலும் பரவிய நோயால் செத்ததே அதிகம் என்பதை அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் உணர வேண்டும். அதற்கு அட்டவணை போதாது என்று அவர் முடிவு செய்தார்.

1858-இல் அச்சான அவருடைய புகழ்பெற்ற படத்தில் இரண்டு மலர்கள். ஒன்று 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச் வரை. மற்றொன்று அடுத்த பன்னிரண்டு மாதம். ஒவ்வொரு மலரிலும் மாதத்துக்கு ஓர் ஆப்பு வீதம் 12 ஆப்புகள். எல்லாவற்றுக்கும் ஒரே கோணம், 30 பாகை. மாறுவது ஆரம். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த இறப்புக்கு நீலம், காயத்தால் நேர்ந்ததற்குச் சிவப்பு, பிறவற்றுக்குக் கறுப்பு. மூன்றும் மையத்திலிருந்தே அளக்கப்பட்டன. முதலில் அச்சான வேறொரு வடிவத்தில் மையத்திலிருந்து செல்லும் கோட்டின் நீளமே இறப்பு விகிதத்தைக் குறித்தது. கண் கோட்டை விட்டு, அது சூழ்ந்த பரப்பைப் பார்த்தது. 4 மடங்கு இறப்பு 16 மடங்கு பரப்பாகத் தெரிந்தது. இது உணரப்பட்டுத் திருத்தம் சேர்க்கப்பட்டது. பிறகு வந்த மலர்களில் பரப்பே அளவு.

திருத்திய பின்னும் ஒரு சிக்கல் எஞ்சியது. இந்த முறை எதிர்ப்பக்கமாக. 1855 ஜனவரியில் நோயால் இறந்தவர்கள் 2,761 பேர். காயத்தால் இறந்தவர்கள் 83 பேர். 33 மடங்கு. பரப்பை 33 மடங்காக்க வேண்டுமானால் ஆரத்தை 33-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் போதும். அது 6-ஐக்கூட எட்டாது. பட்டையாக வரைந்திருந்தால் 33 மடங்கு நீளமாகப் பாய்ந்திருக்க வேண்டிய நீலம், ஆப்பாக வரையப்பட்டதால் 6 மடங்குக்கும் குறைந்த தூரமே போயிற்று. தம் வாதத்தின் கூர்மையான எண்ணையே நைட்டிங்கேல் மழுக்கிக்கொண்டார் என்று இன்றைய புள்ளியியலாளர் சொல்லக்கூடும். ஆயினும் அந்தப் படத்தின் வேலை ஜனவரியை அளந்து சொல்வது அல்ல. முதல் மலரின் விரிந்த நீலத்தையும், 1855 மார்ச்சில் சுகாதார ஆணையம் வந்து கழிவுநீர்ப் பாதைகளைச் சீர்செய்த பிறகு சுருங்கிப்போன இரண்டாம் மலரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, பார்த்தவரைத் திரும்பிப் பார்க்க வைப்பதே அதன் வேலை. அதை அது செய்தது.

ஒப்பிட்டு அளக்கச் சொல்ல வேண்டிய இடத்தில் நைட்டிங்கேல் வட்டத்தை நாடவில்லை என்பதே இதற்குச் சான்று. போரே இல்லாத காலத்தில், உள்நாட்டு முகாம்களில் இருந்த வீரர்களின் இறப்பு விகிதத்தைச் சாதாரண ஆங்கிலேய ஆண்களின் விகிதத்தோடு ஒப்பிட அவர் வரைந்தது பட்டைகள். 20 முதல் 25 வயதுக்குள் ஊர்மக்களில் ஆயிரத்துக்கு 8.4 பேர் இறந்தார்கள். தேர்ந்தெடுத்து எடுக்கப்பட்ட திடமான வீரர்களில் 17 பேர். அடுத்தடுத்த வயதுப் பிரிவுகளிலும் வீரர்களின் பட்டை மற்றதைவிட வெகுவாக நீண்டது. எல்லாப் பட்டைகளும் ஒரே விளிம்பிலிருந்து தொடங்கின. இரட்டிப்பு என்ற செய்தி விளக்கமே இல்லாமல் தெரிந்தது. ஒரே ஆசிரியர், ஒரே போராட்டம். ஆனால் இரண்டு கேள்விகளுக்கு இரண்டு வடிவங்கள். வட்டமா பட்டையா என்ற விவாதத்தில் பின்னாளில் இரு தரப்பும் மறந்துவிட்டது இந்த நிதானத்தைத்தான்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரசுப் புள்ளிவிவர அலுவலகங்கள் பெருகின, படங்களும் பெருகின. எந்தத் தரவுக்கு எந்தப் படம் என்பதற்குப் பொதுவிதி வேண்டும் என்று பன்னாட்டுப் புள்ளியியல் மாநாடுகளில் பேசினார்கள். உடன்பாடு ஏற்படவில்லை. விதி என்று சொல்லத் தக்கது அமெரிக்கப் பொறியாளர்களிடமிருந்து வந்தது. வில்லர்ட் பிரின்டன் 1914-இல் வெளியிட்ட ‘உண்மைகளைக் காட்டும் வரைமுறைகள்’ என்ற நூல், முழுமையின் பகுதிகளைக் காட்டுவது எப்படி என்பதிலேயே தொடங்குகிறது. துண்டிட்ட வட்டம் பரவலாகப் பயன்படுகிறது, ஆனால் விரும்பத்தக்கது அல்ல. பகுத்த பட்டையே மேல் என்பது அவர் தீர்ப்பு. பல்வேறு பொறியியல், அறிவியல் சங்கங்களின் பிரதிநிதிகள் அடங்கிய கூட்டுக்குழு அவர் தலைமையில் 1915-இல் ஓர் அறிக்கை தந்தது. அளவுகளை இயன்றவரை நீளத்தால் காட்டுக, பரப்பும் கனஅளவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் வாய்ப்பு அதிகம் என்று அது அறிவுறுத்தியது. இது பட்டறிவிலிருந்து வந்த அறிவுரை. சோதித்துப் பார்த்து எழுதியது அல்ல.

சோதித்துப் பார்த்தவர் வால்டர் கிராஸ்பி ஈல்ஸ். 1926-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் அவர் எழுதிய கட்டுரை இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். வட்டத்தைப் பாடநூல்கள் ஒருமுகமாகக் கண்டிக்கின்றன, ஆனால் கண்டனத்துக்குச் சான்று எங்கே என்பது அவர் கேள்வி. மாணவர்களிடம் ஒரே விகிதங்களை வட்டமாகவும் பகுத்த பட்டையாகவும் தந்து, ஒவ்வொரு பகுதியும் எத்தனை சதவீதம் என்று மதிப்பிடச் சொன்னார். முடிவு எதிர்பாராதது: வட்டத்தைப் படிக்க அதிக நேரம் ஆகவில்லை, மதிப்பீடும் பட்டையைவிடத் துல்லியமாகவே இருந்தது. பகுதிகளின் எண்ணிக்கை கூடக்கூட வட்டத்தின் மேன்மை கூடியது. எதைப் பார்த்து மதிப்பிட்டீர்கள் என்று கேட்டதற்குப் பாதிப்பேர் வட்டத்தின் வில்லைச் சொன்னார்கள்; ஏனையோர் பரப்பு என்றும் கோணம் என்றும் பிரிந்தார்கள்.

மறுப்பு உடனே வந்தது. 1927-இல் அதே இதழில் ஃபான் ஹூன் என்பவர், ஈல்ஸ் சோதித்தது ஒரு முழுமையின் பகுதிகளை மட்டுமே, இரண்டு மூன்று முழுமைகளை ஒப்பிட வேண்டிய இடத்தில் வட்டத்தால் என்ன செய்ய முடியும் என்று கேட்டார். அதே ஆண்டு ஃபிரடெரிக் கிராக்ஸ்டனும் ராய் ஸ்டிரைக்கரும் சோதனையை விரிவாக்கிச் செய்தார்கள். வட்டம் சரிபாதியாகவோ கால், முக்காலாகவோ பிரிந்திருந்தால் மக்கள் அதை நன்றாகப் படித்தார்கள்; மற்றப் பிரிவுகளில் அந்தத் தெளிவு இல்லை. இந்த ஸ்டிரைக்கர்தான் 1935 முதல் அமெரிக்க அரசின் புகழ்பெற்ற கிராமப்புற நிழற்படத் திட்டத்தை நடத்தி, டொரத்தியா லாங், வாக்கர் எவன்ஸ் முதலியோரை நாடெங்கும் அனுப்பியவர். எண்ணைக் கண்ணுக்குக் காட்டும் வழியைச் சோதித்தவரே வறுமையைக் கண்ணுக்குக் காட்டும் வேலைக்குப் போனது பொருத்தமே. 1932-இல் கிராக்ஸ்டன், ஹெரால்ட் ஸ்டைன் என்பவரோடு சேர்ந்து பட்டை, சதுரம், வட்டம், கனசதுரம் என நான்கையும் ஒப்பிடும் சோதனை நடத்தினார். பட்டை முதலிடம், சதுரமும் வட்டமும் அதற்குப் பின், கனசதுரம் கடைசி.

இந்த முடிவுகள் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அவை இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள். கிராக்ஸ்டனும் ஸ்டைனும் கேட்டது ‘இந்த வடிவம் அந்த வடிவத்தைப்போல் எத்தனை பங்கு’ என்று. ஈல்ஸ் கேட்டது ‘இந்தத் துண்டு முழுமையில் எவ்வளவு’ என்று. தவிர, ஈல்ஸின் பட்டை தனித்தனியே நிற்கும் பட்டை அல்ல. ஒரே பட்டையைக் கூறுபோட்டது. அதில் முதல் கூறு மட்டுமே விளிம்பிலிருந்து தொடங்கும். இரண்டாவது கூறு முதல் கூறு முடிந்த இடத்தில் தொடங்கி, அந்தரத்தில் நிற்கும். பொதுவான தொடக்கக் கோடு போனதும் பட்டைக்கு இருந்த வசதியும் போய்விட்டது. இதை அன்று யாரும் தெளிவாகப் பிரித்துச் சொல்லவில்லை. அரை நூற்றாண்டு விவாதம் வீணில் நீண்டதற்கு இதுவே பெரிய காரணம்.

அதே காலத்தில் வியன்னாவில் ஆட்டோ நியூராத் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார். 1925-இல் அவர் தொடங்கிய சமூக, பொருளாதார அருங்காட்சியகத்துக்கு வந்தவர்கள் தொழிலாளர்கள். அவர்களுக்குச் சதவீதம் பழக்கமில்லை, எண்ணத் தெரியும். ஓவியர் கெர்ட் ஆர்ன்ட்ஸ், வடிவமைப்பில் துணைநின்ற மரீ ரைடெமைஸ்டர் ஆகியோரோடு அவர் உருவாக்கிய முறையில், அளவு கூடினால் உருவம் பெரிதாகாது. உருவங்களின் எண்ணிக்கை கூடும். ஒரு மனித உருவம் இத்தனை லட்சம் பேர் என்றால், இரு மடங்குக்கு இரண்டு உருவம். ஒரே உருவத்தை இரு மடங்கு உயரமாக்கினால் அகலமும் சேர்ந்து வளர்ந்து 4 மடங்காகத் தெரியும் என்பதை நியூராத் விடாமல் எச்சரித்தார். 1934-இல் ஆஸ்திரிய உள்நாட்டுப் போருக்குப் பின் அவர் ஹாலந்துக்கும், 1940-இல் அங்கிருந்து இங்கிலாந்துக்கும் தப்பிச் செல்ல நேர்ந்தது. முறை அவரோடு பயணப்பட்டது. பாடநூல்களில் வரும் பட விளக்கப்படம் அந்த மரபைச் சேர்ந்தது.

பரப்பைக் கண் ஏன் சரியாகப் படிப்பதில்லை என்பதற்கு அளவோடு கூடிய விடை 1957-இல் வந்தது. ஹார்வர்டு உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ், புலன் உணர்வு தூண்டலின் அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது என்று காட்டினார். நீளத்துக்கு அந்த அடுக்கு ஏறக்குறைய 1. இரு மடங்கு நீளம் இரு மடங்காகவே தெரியும். பரப்புக்குச் சுமார் 0.7. ஆகவே 4 மடங்கு பரப்புள்ள வட்டம் 2.6 மடங்கு பெரியதாகவே உணரப்படும். நிலப்பட வல்லுநர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். அமெரிக்கப் புவியியலாளர் ஜேம்ஸ் ஃபிளானரி, வட்டங்களைக் கணக்குக்கு வருவதைவிடச் சற்றுப் பெரிதாக வரையும் திருத்த விதியைத் தந்தார். வடிவத்தை மாற்ற முடியாத இடத்தில் அளவை மாற்றும் இந்த வழியை எல்லாரும் ஏற்கவில்லை. பரப்பை அளந்து பார்ப்பவருக்கு அது தவறான படம்.

1983 ஜனவரியில் விற்பனைக்கு வந்த லோட்டஸ் 1-2-3 என்னும் கணினி விரிதாள், விவாதத்தை வல்லுநர் வட்டத்திலிருந்து அலுவலக மேசைக்குக் கொண்டுவந்தது. எண்களை உள்ளிட்டால் கோடு, பட்டை, அடுக்குப் பட்டை, வட்டம், இரு அச்சுப் படம் என ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அதுவரை படம் வரைய வரைவாளரும் மையும் பல மணி நேரமும் வேண்டியிருந்தன. எந்த வடிவம் என்று யோசிக்க அந்த உழைப்பே அவகாசம் தந்தது. இப்போது தேர்வு ஒரு விசை. அதே ஆண்டு எட்வர்ட் டஃப்டி, ‘அளவுத் தகவலின் காட்சி வெளிப்பாடு’ என்ற நூலைத் தம் செலவில் பதிப்பித்தார். வட்டப் படத்தைவிட ஓர் எளிய அட்டவணை மேல் என்பது அவர் கட்சி. நூல் பெரும் செல்வாக்குப் பெற்றது. வட்டத்தின் மதிப்பு மேலும் சரிந்தது.

1984-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெக்கில்லும் வெளியிட்ட கட்டுரைதான் விவாதத்துக்கு முறையான அடித்தளம் இட்டது. அவர்கள் படவகைகளின் பெயர்களை ஒதுக்கிவைத்தார்கள். ஒரு படத்தைப் படிக்கும்போது கண் செய்யும் அடிப்படை வேலை என்ன என்று பிரித்தார்கள். பொது அளவுகோலில் ஒரு புள்ளியின் இடத்தைப் பார்ப்பது மிகத் துல்லியம். ஒரே மாதிரியான, ஆனால் தனித்தனியே நிற்கும் அளவுகோல்களில் இடத்தைப் பார்ப்பது அடுத்தது. பிறகு நீளம், திசை, கோணம், பிறகு பரப்பு, பிறகு கனஅளவும் வளைவும், கடைசியில் வண்ணத்தின் அடர்த்தி. சோதனையில் கோணத்தை மதிப்பிட்டபோது நேர்ந்த பிழை, இடத்தை மதிப்பிட்டபோது நேர்ந்ததைப்போல் ஏறத்தாழ 2 மடங்கு. தனிப்பட்டையைப் படிப்பவர் அதன் முனை அளவுகோலில் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார். கூறிட்ட பட்டையின் நடுக்கூறைப் படிப்பவர் நீளத்தை மதிப்பிட வேண்டியிருக்கிறது. ஈல்ஸின் பட்டை தோற்ற காரணம் இங்கே விளங்கியது. ஒவ்வொரு மதிப்புக்கும் வரியில் ஒரு புள்ளி மட்டும் இடும் புள்ளிப் படத்தைக் கிளீவ்லாண்ட் பட்டைக்கும் வட்டத்துக்கும் மாற்றாக முன்வைத்தார்.

அதோடு வழக்கு முடிந்துவிடவில்லை. 1987-இல் டேவிட் சிம்கினும் ரீட் ஹேஸ்டியும் இரண்டு கேள்விகளையும் ஒரே சோதனைக்குள் வைத்தார்கள். பகுதியைப் பகுதியோடு ஒப்பிடச் சொன்னபோது தனிப்பட்டையே வென்றது, வட்டம் தோற்றது. பகுதியை முழுமையோடு ஒப்பிடச் சொன்னபோது வட்டம் பட்டைக்கு ஈடுகொடுத்து நின்றது; கூறிட்ட பட்டை பின்தங்கியது. வட்டத்தைப் படிப்பவர் மனத்துக்குள் அரை, கால் என்ற குறிகளை வைத்துக்கொண்டு அவற்றிலிருந்து எட்டிப் பார்க்கிறார் என்பது அவர்கள் தந்த விளக்கம். கிராக்ஸ்டனும் ஸ்டிரைக்கரும் 60 ஆண்டுகளுக்கு முன் கண்டதோடு அது பொருந்தியது. 1991-இல் இயன் ஸ்பென்ஸும் ஸ்டீஃபன் லெவான்டோவ்ஸ்கியும் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: இரண்டு பகுதிகளின் கூட்டுத்தொகையை வேறு இரண்டின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட வேண்டுமானால் வட்டம் பட்டையைவிட நன்றாக உதவுகிறது. கூட்டணிக் கட்சிகளின் மொத்த இடங்கள் பாதியைத் தாண்டுகின்றனவா என்று பார்க்கும் தேர்தல் முடிவுப் படம் இதற்கு நேரான உதாரணம்.

கோணம்தான் வட்டத்தின் மொழி என்ற நெடுநாள் நம்பிக்கையும் 2016-இல் ஆட்டம் கண்டது. டிரூ ஸ்காவும் ராபர்ட் கொசாராவும் கோணம் மட்டும் தெரியும் படம், வில் மட்டும் தெரியும் படம், பரப்பு மட்டும் தெரியும் படம் எனத் தனித்தனியாக வரைந்து சோதித்தார்கள். கோணம் மட்டும் காட்டிய படத்தில்தான் மதிப்பீடு மோசமாக இருந்தது. நடுவில் துளையிட்டுக் கோணத்தையே எடுத்துவிட்ட வளையப் படமோ வழக்கமான வட்டத்துக்குச் சற்றும் குறையவில்லை. ஈல்ஸிடம் வில்லைப் பார்த்தேன் என்று சொன்ன மாணவர்கள் தங்கள் கண்ணைச் சரியாகவே அறிந்திருந்தார்கள். அதே ஆண்டில் இவ்விருவரும் நடத்திய மற்றொரு சோதனையில், ஒரு துண்டை மட்டும் வெளியே இழுத்துவைத்த வட்டமும், ஒரு துண்டின் ஆரத்தை மட்டும் பெரிதாக்கிய வட்டமும், நீள்வட்டமாக நசுங்கிய வட்டமும் சாதாரண வட்டத்தைவிட அதிகப் பிழை தந்தன. அலுவலக மென்பொருள்கள் முப்பரிமாணம் என்ற பெயரில் சாய்த்து வரையும் வட்டம் தாளில் விழுவது இந்தக் கடைசி வடிவத்தில்தான்.

(தொடரும்)